திரவியம் தேடுதற்குப் பள்ளிப்படிப்பு வேண்டுமா?

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியின் பெருமை என்று பொதுப்படப் பேசி அமர்வது எளிது. கைதட்டலும் கிடைக்கும். வீடு போய்ச் சேருமுன் நீங்களும் மறந்துவிடுவீர்கள், யாமும் மறந்துவிடுவோம். அங்ஙனம் பேசுதற்கு யாம் இன்று எழுந்தோமல்லோம். சென்ற நிர்வாகக் கூட்டத்தில் நம் மதிப்பிற்குரிய அண்ணாச்சி ஒருவர் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். அடுத்த பொதுக்குழுவில் அது வாக்கெடுப்பிற்கு வரவிருக்கின்றது. நம் சங்கத்தின் கல்வி உதவி நிதியை நிறுத்திவிட்டு, அத்தொகை முழுவதையும் தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்க்குக் கடனாக வழங்க வேண்டுமென்பதே அத்தீர்மானம். அதனைப் பற்றியே பேசுகின்றோம்.

அண்ணாச்சி கூறிய காரணங்களை முதலில் நேர்மையாக எடுத்துரைத்தல் எமது கடமை. நம்மவருள் பெருஞ்செல்வம் ஈட்டியோர் பலர் பட்டம் பெற்றவரல்லர். பட்டம் பெற்ற பிள்ளைகளோ அயலார் கடையிலும் கம்பெனியிலும் மாதச் சம்பளத்திற்குக் காத்திருக்கின்றனர். ஒரு பிள்ளையைப் பொறியியற் கல்லூரியில் நான்காண்டு படிக்கவைக்கும் தொகையில் ஒரு நல்ல மளிகைக்கடையே வைத்துக் கொடுத்துவிடலாம். இவை அவர் கூறியவை. அவர் இதனைச் சொன்னபோது அவையிற் பாதிப்பேர் தலையசைத்தனர். யாமும் அசைத்தோம் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஏனெனில் அவர் கூறியதில் உண்மையிருக்கின்றது.

எமது தொழில் கணக்குத் தணிக்கை. நாற்பதாண்டுகள் பிறர் பேரேடுகளைப் புரட்டி ஓய்ந்தோம். எம்மிடம் கணக்குக் கொண்டுவந்தோரிற் பெரும்பாலோர் எம்மினும் குறைவாகப் படித்தவர்கள். எம்மினும் பன்மடங்கு செல்வர்கள். படிப்புத்தான் பணமென்றால் எமது மேசைக்கு இப்புறம் அவர்களும் அப்புறம் யாமும் அமர்ந்திருக்க வேண்டும். அங்ஙனம் ஒருநாளும் நிகழ்ந்ததில்லை!

சிவகாசியின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்றார்கள். தீக்குச்சி செய்யும் முறையைக் கண்டும் கேட்டும் கற்றுக்கொண்டு மீண்டார்கள். மறு ஆண்டே சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கிற்று. மழை குறைந்த அப்பூமி, வேளாண்மைக்கு எவ்வளவு பகையோ அவ்வளவு நட்பாகத் தீக்குச்சிக்கு வாய்த்தது. அதன் பின்னே அச்சுத் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தன. அவர்கள் கல்கத்தாவிற்குச் சென்றது பட்டத்திற்காகவன்று. இது மெய்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அவர்கள் கற்றுக்கொள்ளவே சென்றார்கள். இரயிலேறி, மொழி தெரியாத ஊருக்குப் போய், தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடத்தில் நின்று கற்றார்கள். பள்ளிக்கூடம் என்ற பலகை அங்கே தொங்கவில்லை என்பதற்காக அதனைக் கல்வியன்று எனத் தள்ளலாமா?

நம் பழைய கடைகளும் அத்தகையனவே. இங்குள்ள மூத்தோர் பலர் அப்பள்ளியில் தேறியவர்கள். பத்து வயதுப் பையனை ஓர் உறவினர் கடையில் கொண்டுபோய் விடுவார்கள். முதலில் கடை பெருக்குதல், சாக்கு உதறுதல், பொட்டலம் மடித்தல். பொட்டலம் மடிக்கத் தெரியாதவன் நிறுவைக்குப் போக முடியாது. பின்னர் தராசு. எடைக்கல்லைப் பாராமலே கையிலெடுத்த பருப்பு இன்ன எடையென்று சொல்லப் பழக வேண்டும். அதன்பின் சரக்கு: எந்த ஊர் மல்லி, எந்த ஊர் உளுந்து, புதியதா பழையதா, வண்டு விழுமா விழாதா. பிறகு வாய்க்கணக்கு, காலும் அரைக்காலும் மாகாணியும் நாவில் ஓடும். எல்லாவற்றிற்கும் பிறகே சிட்டையும் பேரேடும். கல்லாவில் உட்காருவது இறுதி வகுப்பு. அதற்குள் பத்தாண்டு சென்றுவிடும். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரைச் சிரித்துப் பேசி வெறுங்கையோடு அனுப்பலாம் என்பதை எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கின்றது? முதலாளியின் முகத்தைப் பார்த்தே பையன் அதனைக் கற்றான். தவறினால் குட்டு, மறுபடி தவறினால் ஊருக்கு இரயில். இத்துணைக் கண்டிப்பான பாடத்திட்டம் எந்தக் கல்லூரியிலும் இருந்ததாக யாம் அறியோம். ஆகவே, படியாமலே பணம் சேர்த்தார் என்று நாம் காட்டும் பெரியவர் உண்மையில் பத்தாண்டு படித்தவர். அவர் படித்த பள்ளிக்குச் சான்றிதழ் இல்லை, அவ்வளவே.

நிற்க. அப்பள்ளி கற்றுத்தராதது என்ன என்பதனையும் சொல்ல வேண்டும். இதற்கு எமது சொந்த வீட்டுக் கதையைக் கூறுவதற்குப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

எமது தந்தையார் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். வற்றல் வியாபாரி. ஒரு மூட்டையில் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்து, காதருகே குலுக்குவார். விதை கலகலவென்றால் காய்ந்த சரக்கு. ஓசை மந்தமாயிருந்தால் தண்ணீர் தெளித்து எடை ஏற்றியது. அவர் ஏமாந்ததை யாம் கண்டதில்லை, ஒருமுறை தவிர. 1971ஆம் ஆண்டில் நண்பர் ஒருவர் கடன் வாங்கியபொழுது, சாட்சிக் கையொப்பம் என்று சொல்லி ஒரு பத்திரத்தை நீட்டினார்கள். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. தந்தையார் தமிழில் அழகாகக் கையொப்பமிட்டார். அது சாட்சியன்று, ஜாமீன். நண்பர் நொடித்தார். கடன் கொடுத்தவர்கள் எம் தந்தையாரிடம் வந்தார்கள். சொந்தக் கிட்டங்கி போயிற்று. வாடகைக் கடை மட்டும் எஞ்சியது.

சில ஆண்டுகள் கழித்து, ஆசிரியப் பயிற்சி முடித்திருந்த எம் தங்கையை அழைத்து, அப்பத்திரத்தின் நகலைத் தமிழாக்கிச் சொல்லும்படி கேட்டார். அவள் வரிவரியாகச் சொன்னாள். இறுதிவரை கேட்டுவிட்டு, "இவ்வளவு பச்சையாகவா எழுதியிருந்தான்?" என்றார். மறைவாக ஒன்றும் இல்லை. ஏமாற்று எழுத்தும் இல்லை. எழுதியிருந்ததை யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. அவராலும் படிக்க இயலவில்லை. வற்றலைக் காதால் படித்தவர் பத்திரத்தைக் கண்ணால் படிக்கக் கூடாமற் போயிற்று.

இக்கதையை இத்துடன் நிறுத்தினால் எமக்குச் சாதகமாயிருக்கும். ஆனால் எம் தமையனார் பி.காம். படித்துப் பட்டத்துடன் அதே கடையில் வந்தமர்ந்தார். பேரேடு பளிச்சென்றிருந்தது. மூட்டைக்குள் கைவிடுவது பட்டதாரிக்கு அழகன்று என்று எண்ணினாரோ என்னவோ, மேலாகப் பார்த்தே கொள்முதல் செய்தார். இரண்டு கோடையும் ஒரு மழையும் கழிந்தன. கிட்டங்கி நிறையப் பூசணம். நட்டம் எவ்வளவு என்பதைப் பைசா பிசகாமல் எழுதி வைத்திருந்தார்! தந்தையார் அதனைப் பார்த்துச் சிரித்தார், தமையனார் சிரிக்கவில்லை. பிற்காலத்தில் இருவரும் சேர்ந்தமர்ந்தே அக்கடையை நிமிர்த்தினார்கள். மூட்டையைத் தந்தையார் பார்ப்பார், காகிதத்தைத் தமையனார் பார்ப்பார்.

ஆகவே பள்ளிப்படிப்பு செல்வத்தைத் தருமா என்று எம்மைக் கேட்டால், தராது என்றே சொல்வோம். சரக்கறிவும் துணிவும் சிக்கனமும் செல்வத்தைத் தருகின்றன. காலமும் கைகொடுக்க வேண்டும். பள்ளிப்படிப்பு செய்வது வேறு. பிறர் நீட்டும் தாளில் என்ன எழுதியிருக்கின்றது என்பதைக் கையொப்பத்திற்கு முன்னே தெரிவிக்கின்றது.

இளைஞர்கள் இக்காலத்தில் வேறு பெயர்களையும் சொல்லுகின்றார்கள். அமெரிக்காவில் பில் கேட்ஸ் கல்லூரியை விட்டு வெளியேறியே உலகச் செல்வரானார் என்பர். மெய்தான். 1975ஆம் ஆண்டில் ஹார்வர்டை விட்டார். ஆனால் ஹார்வர்டை விடுவதற்கு முதலில் ஹார்வர்டில் இடம் கிடைத்திருக்க வேண்டுமல்லவா? கணிப்பொறியைக் கண்ணாற் கண்டவரே அரிதாயிருந்த 1968ஆம் ஆண்டிலேயே அவர் படித்த பள்ளியில் கணிப்பொறியுடன் இணைந்த கருவியொன்று இருந்தது. நம் பிள்ளை எட்டாம் வகுப்பில் நின்றுவிடுவதும் அவர் ஹார்வர்டை விட்டதும் ஒன்றாகா. திருபாய் அம்பானி பள்ளிப்படிப்போடு ஏடன் துறைமுகம் சென்று கடைநிலையிலிருந்து உயர்ந்தவர். ஆயினும் தம் மூத்த மகனை இரசாயனப் பொறியியல் படிக்கவைத்து அமெரிக்காவிற்கும் அனுப்பினார். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு பள்ளியை வெறுத்து ஓடியவர். 1920இல் ஒரு பேருந்துடன் தொடங்கிப் பெருந்தொழில்களைக் கண்டவர். அவரே 1945இல் தொழிற்கல்விக் கூடம் அமையக் காரணமாயிருந்தார். பள்ளியில்லாமல் உயர்ந்தவர்கள், ஏறிய பின் ஏணியைத் தள்ளாமல் பிறர்க்குப் புதிய ஏணி செய்து வைத்திருக்கின்றார்கள். அவர்கள் சொல்லை விட்டுவிட்டு அவர்கள் செயலைப் பார்த்தால் போதும்.

காமராசரையும் இவ்வழக்கிற் சாட்சிக்கு அழைப்பவருண்டு. ஆறாம் வகுப்போடு நின்றவர் நாட்டையே ஆளவில்லையா என்பர். ஐயா! அவர் செல்வம் சேர்த்தவரல்லர். ஆதலால் இவ்வழக்கிற்கு அவர் பொருந்தார். பொருந்துவாரெனினும் அவர் அண்ணாச்சியின் பக்கம் பேசமாட்டார். முதன்மந்திரியாயிருந்து ஊர்தோறும் பள்ளி திறந்து, 1956இல் மதிய உணவும் அளித்தவர் அவர்.

அவர் படித்த பள்ளியையே நினைத்துப் பாருங்கள். விருதுநகரில் 1885ஆம் ஆண்டில் க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது. பணம் படைத்தவர் நன்கொடையால் மட்டும் அது நடந்ததன்று. வீட்டுக்கு வீடு உலையில் அரிசியிடும்போது ஒரு பிடி எடுத்து வைத்தார்கள். அப்பிடியரிசியில் பள்ளி நடந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் மகமை செலுத்தினார்கள். அக்காலத்தில் அவ்வூரில் கடையில்லாமலில்லை, பணமில்லாமலில்லை. பணம் இருந்தும் ஏன் பள்ளி வைத்தார்கள்? இன்னும் பணம் சேர்க்கவா? யாம் அங்ஙனம் கருதவில்லை. பணமிருந்தும் கச்சேரியிலும் கோர்ட்டிலும் வாய்பேச ஆளில்லாதிருந்த நிலையை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இனி, அண்ணாச்சி கருதாத ஒரு மாறுதலைச் சொல்லவேண்டும். அப்பழைய கடைப்பள்ளி மூடப்பட்டுவிட்டது. பத்து வயதுப் பையனைக் கடையிற் சேர்ப்பது இன்று குற்றம். ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்பது 2009ஆம் ஆண்டுச் சட்டம். பதினான்கு வயதிற்குட்பட்டோரை எத்தொழிலிலும் வேலைக்கு வைக்கக்கூடாதென்பது 2016ஆம் ஆண்டுத் திருத்தம். பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பக் கடையிற் பிள்ளை உதவி செய்வதற்குச் சிறிது விலக்குண்டு. இச்சட்டங்களைக் குறைகூறுவோர் நம்மவரில் இருக்கின்றார்கள். அவர்கட்கு ஒன்று சொல்லுவோம், கசப்பாயிருந்தால் பொறுத்தருள்க.

கடைப்பையன்களுள் முதலாளியானவர்களை நாம் எண்ணுகின்றோம். குட்டு வாங்கியே முடிந்தவர்களை எண்ணினோமா? தூத்துக்குடித் துறையில் நின்று கரைசேர்ந்த தோணிகளை மட்டும் எண்ணினால் கடலிற் புயலே அடிப்பதில்லையென்று தோன்றும். இதனினும் பெரிய குறையொன்றுண்டு. சிவகாசி வட்டாரத்தில் விடியுமுன் வண்டியேறிச் சென்று குச்சி அடுக்கிய குழந்தைகளை நாமறிவோம். அது வழக்காகி, 1996ஆம் ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம், அபாயத் தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அக்குழந்தைகளிற் பலர் நம்மவரல்லர், சிலர் நம்மவரே. படிப்பு வேண்டாமென்று அவர்களைப் பார்த்து நாம் சொன்னபோது, அது நமக்கு இலாபமாயிருந்தது. படிப்பில்லாமலே பணம் வரும் என்ற வாக்கியத்தில் எவருடைய படிப்பில்லாமல் எவருக்குப் பணம் வந்தது என்பதனையும் சேர்த்து எழுதவேண்டியிருக்கின்றது. எம் வீட்டுத் திண்ணையிலும் கூலிக்குப் பெட்டி ஒட்டிய சிறுமிகள் இருந்தார்கள். அதனால் இதனைச் சொல்லுகின்றோம்.

தொழிலும் மாறிற்று. தீப்பெட்டித் தொழிலைச் சில மாதம் நின்று பார்த்துக் கற்கலாம். கணிப்பொறியை அங்ஙனம் கற்றல் அரிது. திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழியிற் பிறந்த ஷிவ் நாடார் கோயம்புத்தூரில் மின்பொறியியல் படித்தவர். 1976ஆம் ஆண்டில் நண்பர்களுடன் எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கினார். அவரும் பின்னர், 1996இல், கல்லூரி வைத்தார். மளிகைக்கடைக்கே இப்பொழுது என்ன நிலை? 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் ஜி.எஸ்.டி. வந்தது. மூட்டை லாரியில் ஏறுமுன் சீட்டு கணிப்பொறியில் ஏறவேண்டியிருக்கின்றது. எம்மிடம் வந்த வியாபாரிகள் பலர் சரக்கில் தோற்கவில்லை. குறித்த நாளில் கணக்குத் தாக்கல் செய்யாமல் அபராதத்தில் தோற்றார்கள்.

பொருளியலார் பல நாட்டுக் கூலிக் கணக்குகளை ஒப்பிட்டு, ஓராண்டுப் படிப்பு கூடினால் ஒருவர் வருமானம் சராசரியாக நூற்றுக்கு ஏறத்தாழ 9 கூடுகிறது என்கின்றார்கள். அது கூலி, செல்வமன்று. இவ்வேறுபாட்டை அண்ணாச்சி நன்கறிவார். ஆயினும் முதலில்லாதவனுக்குக் கூலியே முதல். கடையில்லாத வீட்டில் அந்த ஒன்பது பெரிது.

இங்கேதான் எமது முதன்மையான ஆட்சேபணை இருக்கின்றது. தீர்மானத்தின்படி கடன் யாருக்குக் கிடைக்கும்? கடனென்றால் ஜாமீன் கேட்போம். கேட்க வேண்டியதும் நியாயமே, சங்கப் பணம் பொதுப்பணம். ஜாமீன் கொடுக்கக்கூடியவர் யார்? கடையும் வீடும் உடைய தந்தை. அவர் மகனுக்கு வங்கியே கடன் தரும். கிட்டங்கியில் சுமை தூக்குபவர் மகனுக்கும், கணவனையிழந்து பெட்டி ஒட்டிப் பிழைக்கும் தாயின் மகளுக்கும் ஜாமீன் யார்? அவர்கள் உதவி நிதிக்கு விண்ணப்பம் எழுதலாம், கடனுக்கு எழுதவியலாது. படிப்பு வேண்டாம், கடை போதும் என்ற அறிவுரை கடையுள்ள வீட்டிற்கு ஒருவேளை பொருந்தும். கடையில்லா வீட்டிற்கு அது, இருந்த இடத்திலேயே இரு என்பதாக முடியும்.

பெண்களைப் பற்றி அத்தீர்மானத்தில் ஒரு சொல்லுமில்லை. கல்லாவில் எத்தனை பெண்மக்களை நாம் உட்காரவைத்தோம்? கடைப்பள்ளி அவர்கட்கு என்றுமே திறந்ததில்லை. அவர்கட்கு இருந்த ஒரே கதவு பள்ளிக்கூடம். எம் தந்தையாருக்குப் பத்திரத்தைப் படித்துச் சொன்னவள் எம் தங்கை என்பதை மீண்டும் நினைவூட்டுகின்றோம்.

எமது பட்சபாதத்தையும் மறைக்கலாகாது. கிட்டங்கி போன பின் எமது கல்லூரிச் சம்பளத்தைக் கட்டியது இச்சங்கத்தின் நிதி. அந்நிதி அன்று கடனாயிருந்திருந்தால், எம் தந்தையார் இன்னொரு பத்திரத்தில் கையொப்பமிடத் துணிந்திருப்பாரா? துணிந்திருக்கமாட்டார். யாம் வற்றல் மூட்டையின் பின்னே இருந்திருப்போம். ஒருகால் இன்று செல்வராகவும் இருந்திருப்போமோ, யாரறிவார்!

அண்ணாச்சியின் கருத்தில் ஏற்கத்தக்கதும் உண்டு. பட்டதாரிப் பிள்ளைகள் மூட்டைக்குள் கைவிடத் தெரியாதவர்களாய் வளர்கின்றார்கள் என்ற அவருடைய கவலை எமக்கும் உண்டு. ஆதலால் மூன்று திருத்தங்களை எழுத்து மூலம் அக்கிராசனரிடம் ஒப்புவிக்கின்றோம். கல்வி உதவி நிதி உள்ளபடியே நிற்க வேண்டும். உதவி பெறும் மாணவ மாணவியர் கல்லூரி விடுமுறையில் நம் உறுப்பினர் கடைகளிலோ தொழிற்கூடங்களிலோ ஒரு மாதம் முறையான கூலியுடன் பழகவேண்டும். பழக்கும் பொறுப்பை அண்ணாச்சியே தலைமையேற்று நடத்தினால் நன்று, அவரினும் சிறந்த ஆசிரியர் நமக்கில்லை. தொழிற்கடனுக்கென்று வேறொரு நிதி, பழைய மகமை முறையில், புதிதாகத் திரட்டப்பட வேண்டும். அதில் ஜாமீன் கொடுக்க வழியில்லாதவர்க்கு முதலிடம் வேண்டும்.

அப்புதிய நிதிக்கு எமது முதல் தவணையை இன்று பொக்கிஷதாரரிடம் செலுத்திவிட்டோம், ரசீது பெற்றுக்கொண்டோம். இவ்வாண்டு கல்வி உதவி கோரி வந்த விண்ணப்பங்கள் காரியதரிசியின் பெட்டியில் இருக்கின்றன. வாக்கெடுப்பிற்கு முன், எழுதியவர் பெயரையும் ஊரையும் விடுத்து, அவற்றைப் பொதுக்குழுவில் ஒவ்வொன்றாக உரக்கப் படிக்குமாறு அக்கிராசனரைக் கேட்டுக்கொண்டு அமர்கின்றோம்.